பாஸ் தேவை, மூன்று நாளைக்கு

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஆல்பம் பதிவு செய்யப் போகிறோம் என்று சொன்னதும் மாத்தளையில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, யார் பாடுகிறார்கள் என்பதுதான். யாரும் பாடவில்லை, பியானோ, பேஸ், டிரம்ஸ், அவ்வளவுதான் என்றால், "அப்ப பாட்டுக்கு முன்னாடி வர்ற மியூசிக் மட்டுமா டீச்சர்?" என்பார்கள். ஜாஸ் என்றால் என்னவென்று விளக்கப் போனால் அரை மணி நேரம் போகும். கடைசியில், "எப்படியோ நல்லா வரும், கவலப்படாதீங்க" என்று எனக்கே ஆறுதல் சொல்லி அனுப்புவார்கள். எனக்குப் பொறுமை பிறவியிலேயே குறைவு. கொஞ்ச நாளில், "பாடுறவங்களுக்குத் தொண்ட கட்டிருச்சு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டப் பழகினேன்.

பியானோ நான். பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருடம் மேலைத்தேய சங்கீதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பூசைக்கு ஓர்கன் வாசிப்பவள். டிரம்ஸ் என் தம்பி. ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற வழியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருக்கிறான். பேஸ் வாசிப்பவர் உக்குவளையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற வியாபாரி. முஸ்லிம்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன். ஊரே அவரை நானா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். பேஸ் பார்க்க ஆளுயர வயலின் மாதிரி இருக்கும். நின்றுகொண்டு, தடித்த தந்திகளை விரலால் சுண்டி வாசிக்க வேண்டும். கூட்டத்தில் அதன் சத்தத்தைத் தனியாகப் பிரித்துக் கேட்க நிறையப் பேருக்குத் தெரியாது. அது நின்றுபோனால் மட்டும், என்னவோ குறைகிறதே என்று எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

நானா முப்பது வருடமாகச் சனிக்கிழமைகளில் கண்டி ஹோட்டல்களில் வாசித்தவர். அவர் மனைவி அதில் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. பார் இருக்கிற இடத்தில் அந்த மனைவி காலடி வைக்க மாட்டார். பேஸ் நிற்பதோ என் வீட்டு முன்னறையில், ஏனென்றால் நானாவின் வீட்டு மாடிப்படியில் அது ஏறாது. நாங்கள் பழகுவது ஞாயிறு பின்னேரம். அது அவர் மனைவி தெருப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிற நேரம். யார் மேலும் பிழை சொல்ல முடியாது. ஆனால் முப்பது வருடம் போய்விட்டது.

ஆல்பம் பேச்சு எடுத்த அன்றைக்கு நானா கொஞ்சம் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார்.

"அவக்கு செல்லிட்டேன் டீச்சர், ரெக்கோட் பண்ணப் போறோம்ண்டு. கேக்குறேன்னு செல்லிட்டா. ஆனா ஒண்டு கேட்டா. மூணு பேர் அடிக்கிற எடத்துல நீங்க எதுண்டு எனக்கு எப்பிடி வெளங்கும்ண்டு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கே வாய் வரல்ல."

அவருக்கு ஒன்று வேண்டும் என்றார். ஆல்பத்தின் முதல் உருப்படியில் முதல் ஒரு நிமிடம் பேஸ் மட்டும் வர வேண்டும். பியானோ இல்லை, டிரம்ஸ் இல்லை. தான் எது என்று மனைவிக்கு விளங்கினால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றார். உண்மையைச் சொல்கிறேன், முதல் ஒரு நிமிடத்தை நான் எனக்காக வைத்திருந்தேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் சரி என்றேன்.

உக்குவளையில் ரயில் பாதைக்குப் பக்கத்தில், ஒரு ஹார்ட்வேர் கடையின் மேல்மாடியில் ஸ்டூடியோ. நடத்துகிறவர் என் வயதுக்காரர், சிங்களவர். கல்யாண வீடியோவுக்குப் பாட்டும் கடை திறப்புக்கு விளம்பரமும் பதிவு செய்கிறவர். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார். அதில் ரயில் நேரம், பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற நேரம், கீழ்த் தெருவில் மிளகாய் மில் ஓடுகிற நேரம், மூன்றும் வரிசையாக எழுதியிருந்தன. இந்த மூன்றுக்கும் இடையில் கிடைப்பதுதான் நமக்கு என்றார்.

முதல் நாள் காலையில் தம்பி ஒரு சின்ன லொறியில் வந்தான். பேஸைப் போர்வையால் சுற்றி, டிரம்ஸ் பெட்டிகளுக்கு நடுவில் படுக்க வைத்துக் கட்டினோம். உக்குவளை ரயில் கடவையில் லொறி ஒரு குதி குதித்தது. தம்பி இன்றுவரை அதை ஒத்துக்கொள்ளவில்லை, கடவைதான் குதித்தது என்கிறான். மேலே கொண்டுபோய் நிறுத்தி நானா ஒரு தந்தியைச் சுண்டினார். நனைந்த சாக்கைத் தட்டியது போல ஒரு சத்தம் வந்தது. இன்னொன்றைச் சுண்டினார். அதுவும் அப்படியே. பேஸை மெல்லச் சாய்த்தபோது உள்ளே ஏதோ உருண்டது.

நானாவின் முகம் செத்துப் போயிற்று. "உள்ளுக்கு ஒரு குச்சி நிக்கும் டீச்சர். முன் பலகைக்கும் பின் பலகைக்கும் நடுவுல. பசையும் இல்ல, ஆணியும் இல்ல, சும்மா இறுக்கத்துலதான் நிக்கும். அது உழுந்தா முடிஞ்சி. ரூஹு பிரிஞ்ச மாதிரித்தான்." ரூஹு என்றால் உயிர்.

அதை நிறுத்தத் தெரிந்தவர் கொழும்பில் ஒருவர் இருந்தார். போன் எடுத்தோம். மகளைப் பார்க்க வெளிநாடு போனவர் அடுத்த மாதம்தான் வருவாராம். தம்பிக்கு லீவு மூன்று நாள். கொழுந்து நிறைய வருகிற காலத்தில் அந்த மூன்று நாளை வாங்கவே அவன் படாத பாடு பட்டிருந்தான். இப்போது விட்டால் எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஸ்டூடியோக்காரர் நல்ல மனதோடு ஒரு வழி சொன்னார்.

"பேஸ் நாங்க கீபோர்டுல போடுவோம் மிஸ். ஒருத்தருக்கும் தெரியாது."

"அதுதானே பிரச்சின," என்றார் நானா. "ஒருத்தருக்கும் தெரியாது."

அதற்குப் பிறகு யாரும் கீபோர்டு பேச்சை எடுக்கவில்லை. வேறு ஒரு பேஸைத் தேடிப் பிடிப்பது என்று முடிவாயிற்று. நான் போனை எடுத்து, கோயில் பாடகர் குழுவின் வாட்ஸப்பில் அவசரம் அவசரமாக ஆங்கிலத்தில் தட்டினேன். தமிழில் சொன்னால் இதுதான்: 'அவசரம். மூன்று நாளைக்கு ஒரு பேஸ் தேவை. உக்குவளைக்கு. பழையதானாலும் பரவாயில்லை. நிமிர்த்தி வைக்காமல், படுக்க வைத்துக் கொண்டு வரவும். பத்திரமாகப் பார்த்துக்கொள்வோம். ஒரு கீறல் விழாமல் திருப்பித் தருவோம்.'

இங்கே நான் செய்த பிழையைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் வாத்தியத்தைப் பேஸ் என்போம். இந்த நாட்டில் கொத்து வேலை, தச்சு வேலை செய்கிறவரை எல்லாரும் பாஸ் என்பார்கள். மேசன் பாஸ், தச்சு பாஸ். ஆங்கிலத்தில் எழுதும்போது நம் ஆட்கள் இரண்டையும் ஒரே எழுத்தில்தான் எழுதுவார்கள். பிள்ளைகளுக்கு எழுத்துப் பிழை திருத்தியே வயது போன எனக்கு அது அப்போது தோன்றவில்லை.

முதலில் ஒரு பதில் வந்தது. குழுவில் பாடுகிற ஒருத்தி, தன் கணவர் தடித்த குரலில் பேஸ் பாடுவாரே, அவரை அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாள். திருப்பித் தர வேண்டிய அவசியமில்லை என்றும் ஒரு வரி சேர்த்திருந்தாள். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அன்று முழுக்க ஒரு உருப்படியும் பதிவாகவில்லை.

இரண்டாம் நாள் காலையில் நாங்கள் போனபோது ஸ்டூடியோ வாசலில் ஒருவர் பையோடு நின்றார். ஐம்பது வயதிருக்கும். பையிலிருந்து மட்டப்பலகையின் தலை எட்டிப் பார்த்தது.

"வணக்கம் டீச்சரம்மா. யட்டவத்தையிலேர்ந்து வர்றேங்க. ஒங்க கோயில் அம்மா வீட்டுல மதில் கட்டுறேன். அவங்கதான் சொன்னாங்க, மூணு நாளைக்கு ஒரு பாஸ் வேணும்னு போட்டிருக்கீங்கன்னு."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. தம்பிக்கு உடனே புரிந்துவிட்டது. அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தான்.

"ஒரு கீறல் விழாம திருப்பி அனுப்புவோம்னு போட்டிருந்தீங்களாமே," என்றார் அவர் மரியாதையாக. "எங்க வீட்டுல அத ரெண்டு தடவ வாசிக்கச் சொல்லிக் கேட்டாங்க. படுக்க வச்சுக் கொண்டாரச் சொன்னதுதான் வெளங்கல. நான் பஸ்ஸுல ஒக்காந்துதான் வந்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் மேல் இல்லை, என் மேல். அதை அவர் மேல் காட்டத்தான் வாய் திறந்தேன். "நாங்க கேட்டது பாஸ் இல்லைங்க, பேஸ்," என்று பள்ளிக்கூடத்துக் குரலில் ஆரம்பித்தேன். அவர் அமைதியாக, "அது என்னங்க?" என்று கேட்டார். நானாதான் அவரை உள்ளே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். பாவம், யட்டவத்தையிலிருந்து வந்த மனிதருக்கு ஒரு தேத்தண்ணியாவது கொடுத்து அனுப்புவோம் என்றார்.

பாஸ் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டார். குடித்து முடித்துவிட்டு, பேஸின் முன் பலகையில் விரல் முட்டியால் தட்டினார். கொஞ்சம் தள்ளி இன்னொரு தட்டு. காதைக் கிட்டக் கொண்டுபோய் மறுபடி ஒன்று.

"இந்த எடம் பொள்ளுன்னு கேக்குதுங்க."

நானா தலையைத் தூக்கினார்.

"தரைக்கு டைல் வச்சா இப்பிடித்தான் தட்டிப் பாப்போம். பொள்ளுன்னு கேட்டா கீழ பிடிப்பு இல்லன்னு அர்த்தம். இந்த எடத்துல உள்ள ஏதோ நிக்கணும். இப்ப நிக்கல."

நானா அவருக்கு எல்லாவற்றையும் சொன்னார். குச்சி, பலகை, பசை இல்லாமல் நிற்பது, கொழும்புக்காரர் ஊரில் இல்லாதது. பாஸ் கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப இது முட்டு வேலதானுங்களே," என்றார்.

"இது சுவர் இல்ல பாஸ்," என்றார் நானா. குரலில் பயம் தெரிந்தது.

"சுவருக்கு யாருங்க முட்டு குடுக்கறது. கொங்கிரீட் தட்டுக்குத்தான் குடுப்போம். முட்ட ரொம்ப இறுக்கிட்டா தட்டு தூக்கிக்கும். தளர விட்டா எறங்கிரும். ரெண்டுக்கும் நடுவுல நிறுத்தணும். அதத்தான் நான் முப்பது வருசமா செய்றேன்."

நானா என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல? பிள்ளையை ஆப்பரேஷனுக்குக் கொடுக்கிறவர் மாதிரி அவர் பேஸைத் தரையில் படுக்க வைத்து, தந்திகளைத் தளர்த்தினார். பாஸ் கீழே கடைக்குப் போய் ஒரு துண்டுக் கம்பி வாங்கி வந்து வளைத்தார். முன் பலகையில் இரண்டு பக்கமும் நீளமாக வளைந்த துவாரம் இருக்கும். அதன் வழியாக போன் வெளிச்சத்தை அடித்து, என் கைப்பைக் கண்ணாடியை வாங்கி உள்ளே பார்த்தார். "பழைய முட்டு நின்ன தடம் வட்டமா தெரியுதுங்க," என்றார். அதைக் கேட்டதும் நானா தானும் தரையில் படுத்துவிட்டார்.

குச்சியைத் துவாரத்தின் வழியாக உருட்டி வெளியே எடுத்து, கம்பி நுனியில் குத்தி, அதே வழியாக உள்ளே விட்டு நிமிர்த்துவது. கேட்கச் சின்ன வேலைதான். ஏழு தரம் விழுந்தது. ஒவ்வொரு தரமும் உள்ளே 'டொக்' என்று கேட்கும், நானா கண்ணை மூடிக்கொள்வார். நான் மேலே நின்று, இப்படிப் பிடியுங்கள், அப்படித் திருப்புங்கள் என்று கத்திக்கொண்டிருந்தேன். கம்பியை நான் வாழ்நாளில் தொட்டதில்லை. ஐந்தாம் தரம் பாஸ் என்னை ஏறிட்டுப் பார்த்து, "டீச்சரம்மா, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்களேன்," என்றார். என் தம்பிக்கு அன்றைக்கு அவரை விடப் பெரிய ஆள் உலகத்தில் இல்லை.

ஆறாம் தரம் விழுந்தபோது பகல் பாங்கு சொன்னது. நானா எழுந்து தொழப் போனார். அவர் திரும்பி வருகிறவரை பாஸ் கம்பியைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் இல்லாமல் செய்வது சரியில்லை என்றார். எட்டாம் தரம் குச்சி நின்றது. பாஸ் மூச்சு விடாமல் கம்பியை உருவினார். விழவில்லை.

பேஸை எழுப்பி நிறுத்தி, தந்திகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, நானா கீழ்த் தந்தியைச் சுண்டினார். மாடியின் பலகைத் தரை அதிர்ந்து என் உள்ளங்காலுக்கு வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபம் சட்டென்று வருகிற ஆட்களுக்கு இதுவும் சட்டென்று வரும் போல. நானா பாஸின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். "இப்ப பொள்ளு இல்லீங்க," என்றார் பாஸ்.

மூன்று நாளைக்கு என்று சொல்லிக் கூப்பிட்டோம், அதனால் அவர் போகவில்லை. ஸ்டூடியோவின் பக்கத்து அறையில் மழை ஒழுகின சுவரைச் சத்தம் வராமல் பூசிக் கொடுத்துக்கொண்டே எங்கள் வாசிப்பைக் கேட்டார். ரயில் வருவதை எங்களுக்கு முதல் அவர்தான் கண்டுபிடிப்பார். வாசலில் வந்து பூச்சுக் கரண்டியைத் தூக்கிக் காட்டுவார், நாங்கள் நிறுத்துவோம். என்னால்தான் நிறைய உருப்படி கெட்டது. கோயிலில் எல்லாப் பாட்டையும் ஆமென் சுரத்தில் முடித்து முடித்து, ஜாஸையும் என் கை அதே மாதிரி முடித்தது. வேகமாக அடித்து நொறுக்கிவிட்டுக் கடைசியில் பக்தியாக 'ஆ-மென்' என்று இரண்டு நீண்ட சுரம். மூன்றாவது தரம் நானா பேஸை விட்டுக் கையை எடுத்து, "ஆமீன் செல்லியாச்சி, எழும்புவோமா டீச்சர்?" என்றார். அதற்குப் பிறகு முடிவு நெருங்கும்போதெல்லாம் தம்பி டிரம்ஸ் குச்சியை என் பக்கம் நீட்டி எச்சரிப்பான்.

முதல் உருப்படியை மூன்றாம் நாள், மிளகாய் மில் நின்ற பிறகு எடுத்தோம். ஒரு நிமிடம் நானா மட்டும். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே தரத்தில் முடிந்தது.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஸ்டூடியோக்காரர் வேலை முடித்து எல்லாவற்றையும் என் போனுக்கு அனுப்பினார். தம்பி தொழிற்சாலையில் இருந்ததால் நானும் நானாவும் மட்டும் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி இனிப்புக்கு வட்டிலப்பம் செய்து வைத்திருந்தார். சாப்பாட்டு மேசையில் சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி நேராக உட்கார்ந்தார். நானா உட்காரவில்லை. நான் முதல் உருப்படியைத் தட்டினேன்.

ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்தை முழுக்கக் கூட்டினேன். தந்தி மேல் விரல் படுகிற சின்னக் கிறுக்கல் மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டது. அவர் மனைவி போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னும் தொடங்கல்லியா?" என்று மெதுவாகக் கேட்டார். அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அது முடிந்ததும் என் பியானோ கணீரென்று வந்து இறங்கியது.

அவர் முகம் மலர்ந்தது. "ஆ, இதா நீங்க?" என்று நானாவைத் திரும்பிப் பார்த்தார். "நல்லா இரிக்கி."

நானா மெல்லத் தலையை ஆட்டினார். ஆமாம் என்றே ஆட்டினார்.

"இல்ல, அது நான்," என்று நான் போட்ட சத்தத்தில் அவர் மனைவி திடுக்கிட்டுப் போனார். போனை நிறுத்தினேன். போனில் இருக்கிற ஒலிபெருக்கி விரல் நகம் அளவுதான், அவ்வளவு தடித்த சத்தம் அதில் வெளியே வராது. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னை நானே ஏசிக்கொண்டு கைப்பையைக் கவிழ்த்து, பஸ்ஸில் பாட்டுக் கேட்கிற இயர்போனைத் தேடி எடுத்தேன். அவர் அதை முக்காட்டுக்கு உள்ளே கொண்டுபோய் இரண்டு காதிலும் வைத்துக்கொண்டார். நான் மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

இப்போது எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகத்தை மட்டும்தான் பார்க்க முடிந்தது. முதலில் புருவம் ஏறியது. பிறகு நெற்றி சுருங்கியது. எங்கேயோ பார்த்த முகத்தை யார் என்று யோசிக்கிற மாதிரி. நானா நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம் ஆகியிருக்கும், பியானோ வந்திருக்கும். அவர் இரண்டு இயர்போனையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நானாவை நிமிர்ந்து பார்த்தார்.

"இது நீங்க சோத்துக்கு முந்தி இந்த மேசையில தட்டுறதுதானே?"

நானா இந்தத் தரம் உண்மையாகவே தலையை ஆட்டினார்.

"தட்டாதீங்க, தட்டாதீங்கண்டு முப்பது வருஷமா ஏசினேனே," என்றார். "அதுக்கு இப்பிடி ஒரு சத்தம் இரிக்கிண்டு எனக்கிட்ட ஏன் செல்லல்ல?"

நானா நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, இயர்போனை மறுபடி எடுத்து அவர் கையில் கொடுத்தார்.